தனி வாழ்வும் தனிமையும்

தனித்து வாழ்தலும் தனிமையுறுதலும் ஒன்றெனப் பலர் கருதுவர். அவை ஒன்றல்ல. சிற்றறையில் ஒருவனாய் உறைபவன் கேண்மை மிக்கவனாயிருத்தல் கூடும். சுற்றஞ் சூழ இருப்பவனும் துணையற்றவனாயிருத்தல் கூடும். மணவாதார் இக்காலப் பெருநகரங்களில் வாழும் வகையை மூன்று நகரங்களின் வாயிலாக ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஸ்வீடன் தேயத்து ஸ்டாக்ஹோம் நகரை நோக்குவோம். அங்கே இளைஞர் இருபது வயதையொட்டிப் பெற்றோர் மனையை நீங்கித் தனியே குடிபுகுதல் இயல்பு. 1971-ஆம் ஆண்டில் அந்நாட்டார், கணவன் மனைவியர் ஊதியத்தை ஒருங்கு கூட்டி வரி விதிக்கும் முறையை விடுத்து, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே விதிக்கலாயினர். ஆதலின் ஆங்கு மணமென்பது பிழைப்பிற்கு வழியன்று, விருப்பத்தின்பாற்பட்டது. எனினும், தனி மனையின் குறையை அவர் அறியாதாரல்லர். அந்நகரில் 1993-இல் எழுந்த ஒரு மனைத்தொகுதியில், பிள்ளைகளோடு வாழும் பருவங் கடந்தோர் தத்தமக்குத் தனி வீடுடையராயினும், முறைவைத்துச் சமைத்துப் பொதுக்கூடத்தில் ஒருங்கிருந்து உண்பர்.

சீனத்து ஷாங்காய் நகரின் நிலை வேறு. அங்குள்ள மக்கள் பூங்காவில் வாரவிடுமுறை நாட்களிற் பெற்றோர் பலர் கூடுவர். தம் மக்களின் பிறந்த ஆண்டு, உயரம், கல்வி, ஊதியம் முதலியவற்றைத் தாளில் வரைந்து, விரித்த குடைகளின்மேற் பொருத்தி வைப்பர். மணத்திற்குரிய மக்களோ பெரும்பாலும் அவ்விடத்து இரார்! ஆங்கு மணவாமை ஒருவர்தம் செய்தியன்று. குடும்பம் முழுவதன் கவலையாம். முப்பதை அணுகிய கன்னியரை 'எஞ்சிய பெண்டிர்' என இழித்துரைக்கும் சொல்லும் வழங்கலாயிற்று. கற்றுப் பொருளீட்டும் மகளிர்க்கு இச்சொல் எத்துணைத் துன்பந் தரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி ஜப்பானியரின் டோக்கியோ. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அந்நாட்டுக் குடும்பங்களில் நூற்றுக்கு 38 ஒருவரே வாழ்பவை. டோக்கியோவிலோ அவை பாதிக்குச் சற்று மேற்பட்டன. இவருள் மணவாதாரேயன்றித் துணையிழந்த முதியோரும் உளர். ஒருவர்க்கென அமைந்த உணவுச்சாலை இருக்கைகளும் சிறுமனைகளும் அங்கு மலிந்துள்ளன. ஆயினும், ஒருவர் தம் மனையில் இறந்து கிடப்பதை நெடுநாள் எவரும் அறியாதிருக்கும் அவலமும் உண்டு. அதற்கென்றே 'கொடொகுஷி' என்னும் சொல் அம்மொழியில் வழங்குகின்றது. 2021-இல் இதன்பொருட்டு அமைச்சர் ஒருவர் நியமிக்கப்பெற்றார். 2024-இல் தனிமையைப் போக்குதற்கான சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

இம்மூன்றனாலும் பெறப்படுவது யாது? மணவாமை தன்னளவிற் கேடன்று. குடும்பத்தாரின் வற்புறுத்தலும் அதற்கு மருந்தன்று. அமைச்சும் சட்டமும் மட்டும் போதா. ஒருவர் ஒருநாள் காணப்படாவிடின், 'எங்கே?' என்று கதவைத் தட்டுவார் ஒருவர் வேண்டும். நம் மாணவருட் பலர் நாளை தொலைநகர்களில் தனியறையில் வாழப் புகுவர். அவர்கள் புதுமனை புக்க அன்றே அடுத்த வீட்டாரின் பெயரைக் கேட்டறிவாராக. தம் பெயரையும் அவர்க்கு உரைப்பாராக.