ரோட்டில் பறக்கும் உமிச்சாம்பல் பக்கெட் ஆகுமா?

செங்கல்பட்டு:

ரைஸ்மில் இருக்கிற ரோட்டில் பைக்கில் போகிறவர்களுக்கு உமிச்சாம்பலை பற்றி சொல்லவே வேண்டாம். காற்று அடித்தால் நேராக கண்ணுக்குத்தான் வரும். மதுராந்தகம் பக்கம் நெல் விளையும் ஊர்களில் இந்த தொல்லை பழசு. இந்த சாம்பலைத்தான் பிளாஸ்டிக்கில் கலந்து பக்கெட், பூந்தொட்டி செய்யலாம் என்கிறது ஆராய்ச்சி.

ஆயிரம் கிலோ நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். நெல் அவிக்கிற பாய்லருக்கு அதுதான் எரிபொருள். எரிந்து முடிந்தால் ஏறக்குறைய 40 கிலோ சாம்பல் மிஞ்சும். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. மாமல்லபுரம் கடற்கரை மணலில் மின்னுகிற அதே சரக்குதான்! நெற்பயிர் அதை மண்ணில் இருந்து உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது.

பிளாஸ்டிக் சேரில் செலவை குறைக்க சுண்ணாம்புக்கல் பவுடர் கலப்பது பல வருஷமாக நடக்கிறது. இதற்கு பில்லர் என்று பெயர். அந்த இடத்தில் சாம்பல். அதை காயவைத்து, மாவாக அரைத்து, சலித்து, உருகிய பிளாஸ்டிக்கோடு எக்ஸ்ட்ரூடர் மிஷினில் கலக்க வேண்டும். பொருள் விறைப்பாக நிற்கும். அளவு மிஞ்சினால் போச்சு, கீழே விழுந்ததும் உடைந்துவிடும். மில் சாம்பலில் எரியாத கரி இருப்பதால் கருப்பு சாமான்தான் வரும். கலர் பக்கெட் கேட்டால் கஷ்டம்.

டயருக்கும் இது பயன்படுகிறது. சாம்பலில் இருந்து எடுத்த சிலிக்காவை டயரில் சேர்ப்பதாக அமெரிக்காவின் குட்இயர் கம்பெனி 2014-ல் அறிவித்தது.

ஆனால் சாம்பல் அள்ளுகிற, சலிக்கிற தொழிலாளி கதை வேறு. சூடு மிஞ்சி எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமாகிவிடும். அந்த தூசி வருஷக்கணக்கில் மூச்சில் போனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கிறவர்களை மிரட்டுகிற அதே நோய். வந்தால் குணமாகாது. மூக்கில் துண்டு கட்டினால் பத்தாது. தூசி தடுக்கும் மாஸ்க் வாங்கி தர வேண்டியது முதலாளிதான். பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டால் சாம்பல் பறக்காது, அது வரைக்கும்தான் ஆபத்து.

இன்னொன்று. சாம்பல் கலந்ததால் இது மக்குகிற பிளாஸ்டிக் ஆகிவிடாது. 2019 அக்டோபர் 12-ந்தேதி மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் மோடி பிளாஸ்டிக் குப்பை பொறுக்கினாரே, அங்கே கொண்டுபோய் வீசினால் இதுவும் அப்படியேதான் கிடக்கும்.

கலவை தேறுமா என்று சோதித்து பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். 1968-ல் தொடங்கிய மத்திய அரசின் சிபெட் நிறுவனம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது.