திரும்பி வருவது இழுக்கன்று

பனி என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். நார்வே நாட்டிலோ அச்சொல்லின் பொருளே வேறு. அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் இறுகி நடைபாதையாகின்றன. அருவிகள் பாய்ந்த கோலத்திலேயே உறைந்து நிற்கின்றன. அப்பருவத்திலும் வீட்டுக்குள் முடங்காமல், முதுகில் மூட்டையும் காலில் பலகையுமாக மலைக்குப் புறப்படுகின்றனர் அந்நாட்டு மக்கள். தூறல் விழுந்தாலே பள்ளிக்கு விடுப்புக் கேட்கும் நம் வீட்டுச் செல்வங்களுக்கு இதனைச் சற்று உரக்கவே படித்துக் காட்டலாம்.

இப்பயணங்களுக்கு வழிசெய்வது 1868-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நார்வே மலைப்பயணச் சங்கம். சுமார் 55 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் இச்சங்கத்தின் உறுப்பினர் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

அவர்கள் காலில் பூட்டும் ஸ்கீ பலகை நீண்டது, குறுகலானது. கால்விரற்பகுதி மட்டுமே அதில் பிணைக்கப்பட்டிருக்கும். குதிகால் விடுதலையாக எழும்பும். ஆதலால் சரிவில் வழுக்கி இறங்குவதோடு, சமவெளியிலும் மேட்டிலும் அதைக்கொண்டு நடக்க இயலும். குளிரின் அளவறிந்து பலகையின் அடியில் மெழுகு பூசுவது தனிக்கலை. உடை விஷயத்தில் ஒரு வியப்பு: அங்கே அஞ்சவேண்டிய பொருள்களுள் வியர்வையும் ஒன்று. நனைந்த உடை, நின்றவுடன் உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். எனவே வியர்க்குமுன்பே மேலாடை ஒன்றைக் களைந்துவிட்டு நடப்பர்.

ஈஸ்டர் விடுமுறையில்தான் மலையில் கூட்டம் மிகுதி. 1967-ஆம் ஆண்டில் அவ்விடுமுறையின்போது மலைகளில் 18 பேர் உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது. மலைப்பயணச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து, 1952-லேயே வகுக்கப்பட்டிருந்த மலை விதிகளை மக்களிடையே பரப்பும் பணியில் இறங்கின. 2016-ல் திருத்தியமைக்கப்பட்ட அவ்விதிகள் ஒன்பது. செல்லும் வழியைப் பிறரிடம் சொல்லிவிட்டுச் செல், வானிலையை அறிந்துகொள், சிறு பயணமேயாயினும் புயலுக்கு ஆயத்தமாக இரு என அவை செல்கின்றன. எட்டாவது விதிதான் எம்மை நிறுத்தி வைத்தது. காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது அது.

வீரம் என்றால் முன்னேறுவது என்றே பழகிய காதுக்கு இது விந்தையாகப் படலாம். 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ல் தென்துருவத்தை முதன்முதலில் அடைந்த ரோல்ட் அமுண்ட்சன் நார்வேக்காரர்தாம். அவர் 1896-ஆம் ஆண்டு ஜனவரியில், 23 வயது இளைஞராக, தம் சகோதரர் லியோனுடன் ஹார்டாங்கர் பீடபூமியைக் குளிரில் கடக்க முற்பட்டார். புயல் வழியை மறைத்தது, உணவும் தீர்ந்தது. ஓரிரவு பனியைக் குடைந்து அதனுள் உறங்கினார். விடிந்தபோது அவரைச் சூழ்ந்திருந்த ஈரப்பனி கல்லாய் இறுகியிருந்தது; கைகால் அசைக்க இயலவில்லை. சகோதரர் தோண்டி எடுத்திராவிடில், துருவம் கண்ட அமுண்ட்சனை உலகம் அறிந்தே இராது.

உறைந்த அருவியில் ஏறுவோர்க்கு இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். ருயூக்கான் என்னும் பள்ளத்தாக்கு ஊரில் இத்தகைய அருவிகள் 150-க்கும் மேல் உண்டு. குளிர்மாதங்களில் கதிரவனின் ஒளி நேராக விழாத ஊர் அது. 2013-ல் மலைமேல் பெருங்கண்ணாடிகளை நிறுவி, ஊர்ச் சதுக்கத்திற்கு வெயிலைத் திருப்பி அனுப்புகின்றனர்! ஏறுவோர் இரு கைகளிலும் பனிக்கோடரி ஏந்தி, காலணியடியில் கூரிய இரும்பு முட்களைக் கட்டிக்கொள்கின்றனர். முன்னே ஏறுபவர் உட்குடைந்த திருகாணிகளைப் பனிக்கட்டியில் முறுக்கிச் செலுத்தி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே செல்வார். கீழே கயிறு பிடிப்பவர் நேர் கீழே நில்லாமல் ஒதுங்கி நிற்பார். உடைந்த பனிக்கட்டி கல்போல் வந்து விழும். புதியவர்களுக்கு மேலிருந்தே கயிறு கட்டிப் பயிற்சி தரப்படுகிறது. நேற்றுத் தாங்கிய பனிக்கட்டி, இன்று சூடேறினால் தாங்காது. அன்று கோடரியை மூட்டையில் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவதே அறிவுடைமை.

மலையில் தங்குவதற்குச் சங்கத்தின் குடில்கள் 500-க்கும் மேல் உள்ளன. பலவற்றில் காவலரும் இல்லை, சமையற்காரரும் இல்லை. பூட்டியிருக்கும் குடில்களில் மிகப் பலவற்றுக்கு ஒரே வகைச் சாவிதான். உறுப்பினர்க்கு அது வழங்கப்படுகிறது. சில குடில்களில் அடுக்கில் உணவுப்பொருள் இருக்கும். எடுத்ததைத் தாமே எழுதிவைத்து, அதற்குரிய பணத்தைச் செலுத்திவிட வேண்டும். அமானிதம் என்ற சொல்லுக்கு வகுப்பில் எடுத்துக்காட்டுத் தேடும்போது இக்குடில் எமக்கு நினைவுக்கு வருகிறது. விறகு பிளப்பதும், பனியை உருக்கித் தண்ணீராக்குவதும், புறப்படுமுன் துடைத்துப் பெருக்குவதும் விருந்தினர் வேலையே.

குடிலில் ஒரு பதிவேடும் உண்டு. பெயரோடு, அடுத்து எங்கே செல்கிறோம் என்பதையும் அதில் எழுதவேண்டும். ஒருவர் வந்து சேரவில்லையெனில் மீட்புக் குழுவினர்க்கு அவ்வரி வழிகாட்டும். இடைவழியில் மனம் மாறித் திரும்பியவர், ஊரடைந்ததும் அச்செய்தியை உரியவர்க்குத் தெரிவித்துவிடுவது நல்லது; இல்லாவிடில், வீட்டில் உறங்குபவரைப் புயலில் தேடிக்கொண்டிருப்பார்கள்.