அலமாரிக்குப் பின்னால் ஓர் அறை
ஓட்டோ வைட்டின் பட்டறை, ரோசென்தாலர் தெரு 39, பெர்லின்

ஜன்னல் இல்லாத இந்தச் சிறிய அறையில் 1943-இல் யூதரான ஹயிம் ஹார்ன், அவர் மனைவி, மகன், மகள் ஆகிய நால்வர் நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்தனர். வாசலை ஒரு துணி அலமாரி மறைத்திருந்தது. உள்ளே தொங்கிய துணிகளை விலக்கினால்தான் வழி தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்ட அக்குடும்பம் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டது.

பட்டறை உரிமையாளர் ஓட்டோ வைட்டுக்கே பார்வை மிக மங்கல். 1940 முதல் இங்கே துடைப்பமும் பிரஷும் செய்தவர்களில் பெரும்பாலோர் பார்வையற்ற, காது கேளாத யூதர்கள். ஜெர்மன் ராணுவத்துக்குச் சரக்கு போனதால், போருக்கு அவசியமான தொழில் என்ற தகுதி பட்டறைக்குக் கிடைத்தது. அதைக் காட்டியே தொழிலாளர்களை முகாம்களுக்கு நாடுகடத்தப்படுவதிலிருந்து காக்க முயன்றார் வைட். அது செல்லாத இடத்தில் ரகசியப் போலீசான கெஸ்டப்போவுக்கு லஞ்சமும் கொடுத்தார். எல்லோரையும் காக்க முடியவில்லை.

அலுவலக உதவியாளர் அலிஸ் லிஹ்ட் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டதும், பிரஷ் வியாபாரம் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வைட் 1944-இல் அங்கேயே போனார். அலிஸ் உயிர் பிழைத்தார். வைட் 1947-இல் காலமானார்.