மரங்களின் ஊர் – 11: எடுக்காத கைகள் காத்த காடு

கடந்த வாரம் ஏரிக்கரைப் பனைகளைப் பார்த்தோம். பயன் தரும் மரத்தை ஊர் காப்பதில் வியப்பில்லை. எந்தப் பயனும் கேட்காமல் ஊர் காத்த மரங்களும் நம்மிடம் உண்டு. புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் விழுப்புரம், கடலூர்ப் பக்கங்களிலும் அய்யனாருக்கும் காளிக்கும் முனிக்கும் விடப்பட்ட கோயில் காடுகள்தான் அவை. சுற்றிலும் கடலையும் முந்திரியும் சவுக்கும் விளையும் நிலத்துக்கு நடுவே வீரை, காயா, உலக்கைப் பாலை, காட்டெலுமிச்சை எனக் கோடையிலும் பசுமை மாறாத மரங்கள் கொடி பின்னி நிற்கின்றன. கிழக்குக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டில் நல்ல நிலையில் மிஞ்சிய துண்டுகள் பலவும் இப்படிச் சாமிக்கு விட்டவையே. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைத் தாவரவியலாளர்கள் தேடிப் போவது இதனால்தான்.

மனம் களைத்தவர்கள் மரங்களைத் தேடிப் போவதும் இன்று பெருகியிருக்கிறது. ஜப்பானிய வனத்துறை 1982இல் ‘ஷின்ரின் யோகு’ என்ற பெயரில் வனக்குளியலை முன்வைத்தது. இப்போது உலகமெங்கும் அதற்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அந்த நிம்மதி உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது தனிமையில் கிடைக்கும் தனிப்பட்ட வரவு என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். மரத்தடியில் ஒருவர் பெறும் அமைதிக்குப் பின்னால் பலர் சேர்ந்து கடைப்பிடித்த ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டில் தாமும் பங்கேற்கும்போதுதான் அமைதி புத்துயிராக மாறுகிறது என்பதே என் வாதம்.

கோயில் காட்டின் சட்டங்களைப் பாருங்கள். பச்சை மரத்தில் அரிவாள் படக் கூடாது. பல இடங்களில் விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்துப் போகக் கூடாது. பொங்கல் வைக்க அங்கேயே எரிக்கலாம். செருப்பைக் காட்டுக்கு வெளியே விட வேண்டும். குழந்தைக்கு முடியிறக்கவும் காது குத்தவும் பிழைப்புக்காக ஊர் விட்டுப் போன குடும்பங்கள் திரும்பி வந்து இந்த நிழலில்தான் கூடுகின்றன. புரவியெடுப்பு என்றால் ஊரார் பிடிமண் கொடுக்க, மண்பாண்டம் செய்யும் வேளார் கண்மாய் மண்ணில் குதிரை செய்து சூளையில் சுடுகிறார். ஊரே அதைத் தோளில் தூக்கி வந்து அய்யனார் முன் நிறுத்துகிறது. பழைய குதிரைகளை யாரும் அகற்றுவதில்லை. அவை மழையில் நனைந்து, காது உடைந்து, கால் முறிந்து, கொடி ஏறிக் காட்டு மண்ணோடு சேர்கின்றன. கொடுத்ததைத் திரும்ப எடுக்காத பழக்கமும் மரத்தை வெட்டாத பழக்கமும் இங்கே ஒன்றாக வளர்ந்திருக்கின்றன.

என் வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மரத்தைப் பார்த்தாலே போதும் என்றால் ஊர் எதற்கு, சாமி எதற்கு? உடம்பின் இறுக்கம் தளர்வதற்கு அந்தப் பார்வை போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பார்ப்பதற்கு மரம் நிற்க வேண்டுமே. தலைமுறைகளைக் கடந்து ஒரு வீரை மரம் நிற்க, விறகுத் தட்டுப்பாட்டிலும் பஞ்சத்திலும் கை நீட்டாத மனிதர்கள் வேண்டும். மேலும், களைப்பு நீங்குவது வேறு, தன்னைவிடப் பெரிய ஒன்றில் தனக்கு இடம் இருக்கிறது என்று உணர்வது வேறு. இரண்டாவதை ஜன்னல் தருவதில்லை.

கோயில் காட்டின் கட்டுப்பாடு சாமி பயத்தால் வந்ததுதானே, படிப்பு வந்தால் கரைந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பயம் இருந்தது உண்மை. ஆனால் பயம் மட்டும் காடு காப்பதில்லை. ஆண்டுதோறும் கூடும் கூட்டம்தான் காக்கிறது. படிப்பு வந்தால் அது கரைய வேண்டியதில்லை என்பதற்கு எத்தியோப்பியா சாட்சி. அந்நாட்டின் வடக்கில் பெரும்பாலான காடுகள் வயலாகவும் மேய்ச்சலாகவும் மாறிய பிறகும், ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றிய மரக்கூட்டங்கள் தப்பின. அங்கே சூழலியலாளர் அலெமாயேஹு வாசியே போன்றவர்கள் குருமார்களோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து வேலை செய்தார்கள். வயலில் பொறுக்கிய கற்களால் காட்டைச் சுற்றி மதில் எழும்பியது. ஆடுமாடு மேய்வது நின்று கன்றுகள் தலைதூக்கின. படித்த அறிவும் பழைய பக்தியும் ஒரே மதிலைக் கட்டின.

இதைவிடக் கடினமான கேள்வி சாதி. பல கோயில் காடுகளில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் வழக்கு உண்டு. தலித் மக்களையும் பெண்களையும் எல்லையில் நிறுத்திய இடங்களும் உண்டு. இதை மூடி மறைத்துக் கோயில் காட்டைப் புகழ்வது பொய். பாதி ஊரை வெளியே நிறுத்தும் கூட்டத்தை ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மரம் வெட்டாதே என்ற விதியையும், இவர் நுழையாதே என்ற விதியையும் மனிதர்களே போட்டார்கள். முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை நீக்க முடியும். உரிமை பெற்ற ஒவ்வொரு குடும்பமும் காவலுக்கு இன்னும் இரண்டு கண்கள்.

இன்றைய ஆபத்து பக்தி குறைந்ததால் வரவில்லை; பக்தி சிமெண்டாக மாறியதால் வருகிறது. திருப்பணி என்றதும் தகரக் கொட்டகை, டைல்ஸ் தரை, வண்டி நிறுத்துமிடம், அதற்காக ஓரத்து மரங்கள் விழுகின்றன. இன்னொரு பக்கம் சீமைக் கருவேலம் உள்ளே நுழைகிறது. சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது: 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீர கோயில் காடு 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 4.97 ஹெக்டேர், ஏறக்குறைய 12 ஏக்கர்தான். அறிவிப்பு எல்லையைக் காக்கும். எடுக்காமல் இருக்கும் பழக்கத்தை ஊர்தான் காக்க வேண்டும்.

ஆகவே, மரங்களிடம் அமைதி தேடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். குலசாமி காட்டுக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது திருப்பணிக் கூட்டத்திலும் உட்காருங்கள். மண்டபத்துக்கு நன்கொடை கேட்டால், அந்தப் பணத்தில் ஒரு மரம்கூட விழக் கூடாது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிக் கொடுங்கள். சொல்வதற்குத் துணிவு வேண்டும். துணைக்கு நாலு பேரும் வேண்டும். அந்த நாலு பேரைச் சேர்ப்பதில்தான் நாம் தேடும் புத்துயிர் தொடங்குகிறது.

(தொடரும்)