மாறிலியும் மாறும் வரியும்

இணைய வழங்கியில் இயங்கும் நிரல்மொழிகளுள் பெருவழக்குடையது, ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பி. இம்மொழியில் மதிப்புகளுக்குப் பெயரிட்டு வைக்க மாறி, மாறிலி என இரு வழிகள் உள. நிரல் ஓடும்போதே மாறி வேறு மதிப்பை ஏற்கும், மாறிலி ஏற்காது. 'நெய்வரி' என்னும் மாறிலிக்கு 12 என வரையறுத்தபின், சில அடிகள் கழித்து அதே பெயருக்கு 5 என எழுதினால், முன்பே வரையறுக்கப்பட்டது என எச்சரிக்கை எழும். 12 அப்படியே நிற்கும். இப்பெயரைத் தமிழெழுத்திலேயே எழுதவும் அம்மொழி இடந்தருகிறது.

ஆயினும் மாறிலியின் ஆயுள் குறுகியது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நிரல் முதலிலிருந்து ஓடி, விடையனுப்பியதும் தன் நினைவகத்தை விடுவிக்கிறது. மாறிலியும் உடன் மறைகிறது. கோப்பில் 12ஐ அழித்து 5 என எழுதினால், அடுத்து வரும் வேண்டுகோளில் புதிய மதிப்பே பிறக்கும். தொகுத்த நிரலைச் சேமித்து வைக்கும் வழங்கிகளில் இது தாழ்க்கலாம்.

மாற்றுவது எளிது, மாற்றியபின் வருவதே சிக்கல். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்யின் சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. கெங்கவல்லியில் ஒரு மளிகைக்கடை, 600 ரூபாய் நெய்யை 20ஆம் நாள் 72 ரூபாய் வரியோடு 672க்கு விற்றதாகக் கொள்வோம். 22ஆம் நாள் காலை மாறிலி திருத்தப்பட்டது. அன்றைய பட்டியல்கள் யாவும் சரியே. மறுநாள், 20ஆம் நாள் வாங்கியவர் நெய்யைத் திருப்பித் தர வருகிறார். நிரல் பழைய பட்டியலை எடுத்துப் புதிய மாறிலியால் பெருக்கி, 630 தந்தாற் போதும் என்கிறது. வாடிக்கையாளருக்கு 42 ரூபாய் இழப்பு.

இங்கே மொழியின் பிழை ஏதுமில்லை. காலத்தோடு மாறுவதை மாறிலியாக வைத்ததே பிழை. வரிவீதத்தைத் தரவுத்தளத்து அட்டவணையில் நடைமுறை நாளோடு எழுத வேண்டும்: 2017 சூலை 1 முதல் 12, 2025 செப்டம்பர் 22 முதல் 5. விற்ற நாளின் வீதத்தைப் பட்டியலிலும் பதிந்துவிட்டால் பழைய கணக்கு கலையாது. வரிப்பதிவு எண்ணின் தொடக்கத்தில் தமிழ்நாட்டைக் குறிக்கும் 33 போன்றவற்றை மாறிலியாக வைக்கலாம். எந்த மதிப்பைப் பார்த்து 'எந்நாள் முதல்?' என்று வினவ நேருமோ, அது அட்டவணைக்கு உரியது.