கிளர்ச்சிகளின் கணக்கு – 9: புகார் கொடுத்தவர் என்ன ஆனார்?

சென்ற வாரம் 1381-இல் நடந்த இங்கிலாந்து உழவர் கிளர்ச்சியைப் பார்த்தோம். நான்கு ஆண்டுக்குள் மூன்றாவது முறையாகத் தலைவரி போட்டதால் வெடித்த கிளர்ச்சி அது. கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். மன்னர் கொடுத்த வாக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டார். உழவர்கள் தோற்றார்கள், ஆனால் அப்படியொரு வரியை மறுபடி போட அடுத்து வந்தவர்களுக்குக் கை நடுங்கியது.

இந்த வாரம் பக்கத்து ஊருக்கு வருவோம். ஓசூரிலிருந்து மாலூர் வழியாக வடக்கே போனால் கோலார் மாவட்டத்தில் நரசாபுரா. 2020 டிசம்பர் 12, சனிக்கிழமை காலை. இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்த தொழிலாளர்கள் விஸ்ட்ரான் நிறுவனத்தின் ஐபோன் தொழிற்சாலைக்குள் கண்ணாடிகளை நொறுக்கினார்கள், வண்டிகளைக் கவிழ்த்தார்கள். 437 கோடி ரூபாய் நஷ்டம் என்று முதலில் போலீசில் புகார் போனது. சில நாளில் அது 26 முதல் 52 கோடி வரை என்று இறங்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

நஷ்டக் கணக்கை எல்லோரும் எழுதினார்கள். சம்பளக் கணக்கைத்தான் நாம் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஏஜென்சிகள் வழியே வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். பொறியியல் படித்தவருக்கு மாதம் 21,000 ரூபாய் என்று பேசினார்கள், வந்தது 16,000, பிறகு 12,000 என்று தொழிலாளர்கள் சொன்னதாகச் செய்திகள் வந்தன. சுமார் 5,000 பேராக இருந்த ஆலையில் குறுகிய காலத்தில் ஆட்களின் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. எட்டு மணி நேர ஷிப்ட் பன்னிரண்டாகியிருந்தது. வருகைப் பதிவு முறையில் கோளாறு. வந்த நாளும் வராத நாளாகப் பதிவானது. இதைச் சூப்பர்வைசரிடம் கேட்டால் ஏஜென்சியைக் கை காட்டுவார். ஏஜென்சியோ கம்பெனியைக் கை காட்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடைத்தவர்கள் ஊரிலேயே பரம ஏழைகள் அல்லர். படித்து, நல்ல கம்பெனியில் வேலை கிடைத்தது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள். ஏறிக்கொண்டிருந்த எதிர்பார்ப்பு திடீரென்று சறுக்கும்போதுதான் மக்கள் எழுகிறார்கள் என்று அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் டேவிஸ் 1962-இல் ஒரு விளக்கம் தந்தார். பிரெஞ்சுப் புரட்சியை ஆராய்ந்த தோக்வில் அதற்கு நூறாண்டு முன்பே ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்திருந்தார். இது பாதி உண்மைதான். ஏமாந்தவர்கள் எல்லோரும் கல்லெடுப்பதில்லை. ஏமாற்றத்தைச் சொல்லப் போன இடத்தில் என்ன நடந்தது என்பதில் மீதிப் பாதி இருக்கிறது.

அதற்கு வேலூர்க் கோட்டையைப் பார்க்கலாம். 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதிய உத்தரவு வந்தது: நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தலையில் தொப்பியைப் போன்ற புதுத் தலைப்பாகை. 1806 மே மாதம் ஒரு படைப்பிரிவினர் அதை அணிய முடியாது என்று சொன்னார்கள். அதுவரை அது வெறும் புகார். பதிலாக இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி கிடைத்தது. ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் உள்ளே சதி நடக்கிறது என்று ஆங்கில அதிகாரியிடம் எச்சரித்தார். விசாரணை யாரிடம் போனது தெரியுமா? அந்தச் சதியில் இருந்த இந்திய அதிகாரிகளிடமே. சொன்னவருக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டிப் பூட்டிவைத்தார்கள். ஜூலை 10 விடியுமுன் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே கோட்டையைப் பிடித்தார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு அந்த உத்தரவு ரத்தானது. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். மே மாதம் ஒரு காகிதத்தில் முடிந்திருக்க வேண்டியது அது.

நடுவில் நிற்பவர்தான் சிக்கல் என்றால், அந்த இடைத்தரகரையே எடுத்துவிட்டால்? அந்தச் சோதனை கிருஷ்ணகிரி மண்ணிலேயே நடந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இழந்த பகுதிகளில் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலும் ஒன்று. அங்கே கர்னல் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவனோடு நேரடியாகத் தீர்வை பேசினார்கள். ஜமீன்தாருக்கு நடுவில் இடமில்லை. மன்றோ சென்னை ஆளுநரானபின் இந்த ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவியது.

தாளில் பார்த்தால் இடைத்தரகர் ஒழிந்தார். ஊரில் அவர் இடத்துக்குத் தாசில்தாரின் சேவகன் வந்தான். வரி வசூலிக்கக் கிட்டி போடுவது, அண்ணாந்தாள் போடுவது போன்ற சித்திரவதைகள் வழக்கத்தில் இருப்பதை 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவே எழுதிவைத்தது. அடிபட்டவன் நியாயம் கேட்க நெடுந்தூரம் நடக்க வேண்டும், கைக்காசு செலவழிக்க வேண்டும் என்பதையும் அது மறைக்கவில்லை. இடைத்தரகரை நீக்கினால் மட்டும் போதாது. கேட்கிறவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நரசாபுராவின் பின்கதைக்கு வருவோம். ஒரே வாரத்தில் விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டது. சிலருக்குச் சரியாகவோ உரிய நேரத்திலோ சம்பளம் போகவில்லை என்று ஒப்புக்கொண்டு, இந்தியப் பொறுப்பிலிருந்த துணைத்தலைவரை நீக்கியது. குறைகள் சரியாகும்வரை புதிய வேலை தரமாட்டோம் என்றது ஆப்பிள். 2023-இல் அந்த ஆலையை டாடா வாங்கியது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் போகவில்லை. அதே 2023 பிப்ரவரியில் அதற்கு வழிவிடும் திருத்தத்தைக் கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஏப்ரலில் தமிழகமும் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்க, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். கண்ணாடி உடைத்த இடத்தில் நேரம் நீண்டது. சங்கம் வைத்துப் பேசிய இடத்தில் நீளவில்லை. எல்லைக் கல்லுக்கு இரண்டு பக்கமும் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இப்போது ஓசூர்ப் பக்கம் ஐபோன் உதிரிபாகம் செய்யும் ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும்கூடப் பெண்கள் வருகிறார்கள். தங்குவது பெரிய பெரிய விடுதிகளில். 2025 நவம்பரில் அப்படியொரு விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டபோது பெண்கள் இரவிலேயே திரண்டு போராடினார்கள். போலீஸ் சில நாட்களில் சம்பந்தப்பட்டவர்களைக் கைது செய்தது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததும் நினைவிருக்கலாம். பாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகித் தோழிகள் மருத்துவமனைக்குப் போனார்கள்; அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஆளில்லை. இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவி, பெண்கள் சென்னை–பெங்களூரு சாலையை மறித்தார்கள். மூன்றாண்டுக்குள் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் விடுதியை அரசு திறந்தது. கட்டில் கிடைத்துவிட்டது. அதில் படுப்பவர் தன் மொழியில் புகார் சொன்னால் புரிந்துகொள்ள அங்கே யார் இருக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

ஒரு ஆலையிலோ ஊரிலோ கிளர்ச்சி வருமா என்று அறிய உளவுத்துறை தேவையில்லை. கடைசியாகப் புகார் கொடுத்தவர் என்ன ஆனார் என்று விசாரித்தால் போதும். அவர் பதிலோடு திரும்பியிருந்தால் பயமில்லை. வேலையை விட்டே போயிருந்தால், நிர்வாகம் வேலூரை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அடுத்த வாரம்: சென்னையில் சித்திரவதை அறிக்கை வந்த அதே 1855-இல், வட்டிக்காரனுக்கும் தரோகா என்ற போலீஸ் அதிகாரிக்கும் எதிராக சந்தால் பழங்குடிகள் வில்லெடுத்த கதை.

(தொடரும்)