பழைய கருவிக்குப் புதிய உடல்

ஏட்டில் எழுதியதைப் படிக்கக் கண்ணும் மொழியறிவும் போதும். கணினிக் கோப்பில் எழுதியதைப் படிப்பதற்கோ அதனை உருவாக்கிய மென்பொருளும், அம்மென்பொருளைத் தாங்கும் இயங்குதளமும், அவ்வியங்குதளத்திற்கு உரிய கருவியும் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எழுத்து இருந்தும் இல்லாததாகிவிடும்.

1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'பைலட்' என்னும் கையடக்கக் கருவி இதற்குத் தக்க சான்றாகும். முகவரிகள், நாட்குறிப்புகள், செய்யவேண்டிய பணிகள் ஆகியவற்றைப் பலரும் அதில் பதிந்துவைத்தனர். அதன் திரை 160 × 160 படப்புள்ளிகளைக் கொண்டது. தொடக்கநிலைக் கருவியின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. அதன் இயங்குதளமான பாம் ஓ.எஸ். இன்று வழக்கொழிந்துவிட்டது. எனினும், அதற்கென எழுதப்பட்ட மென்பொருள்களை இன்றைய கணினியிலும் இயக்க இயலும். அதற்குரிய வழிகளுள் ஒன்றே தன்னார்வலர்கள் உருவாக்கும் தொடக்கக் குறுவட்டு.

குறுவட்டு இயங்கும் முறை

கணினியை இயக்கியவுடன், அதனுள் நிலையாகப் பதிக்கப்பட்ட 'பயாஸ்' என்னும் சிறுநிரல் இயங்குதளம் எங்குள்ளது எனத் தேடும். குறுவட்டை முதலில் தேடுமாறு அமைத்திருந்தால், வட்டிலுள்ள தொடக்க நிரல் விழித்தெழுந்து இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றும். வன்தட்டில் எதனையும் நிறுவ வேண்டியதில்லை. ஆகவே, வட்டை நீக்கிக் கணினியை மீண்டும் தொடங்கினால் அதன் வழக்கமான இயங்குதளமே தோன்றும்.

இரு வழிகள்

கையடக்கக் கருவியின் நுண்செயலியும் மேசைக்கணினியின் நுண்செயலியும் வெவ்வேறு கட்டளைமொழி உடையவை. இவ்வேறுபாட்டைக் கடக்க இரு வழிகள் உள்ளன.

முதலாவது, மூலநிரலைக் கணினிக்கேற்ப மாற்றி அமைத்தல். ஆண்ட்ராய்டின் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. அதன் அடித்தளம் கணினிகளில் முன்பே இயங்கிவந்த லினக்ஸ். எனவே, 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஆண்ட்ராய்டு-எக்ஸ்86' திட்டத்தினர் அதனைக் கணினிக்கேற்ற குறுவட்டு வடிவில் வழங்க முடிந்தது.

இரண்டாவது, போலச்செய்தல். பாம் ஓ.எஸ்.ஸின் மூலநிரல் பொதுவில் இல்லை. ஆகவே, வட்டில் முதலில் சிறிய லினக்ஸ் ஒன்று இயங்கும்; அதன்மேல் பழைய நுண்செயலியைப் போல நடிக்கும் மென்பொருள் இயங்கும். அது பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும். தான் வேறோர் உடலில் குடியேறியதைப் பழைய இயங்குதளம் அறிவதில்லை.

உரிமையும் எச்சரிக்கையும்

ஒரு கருவி கடைகளிலிருந்து மறைந்தாலும் அதன் மென்பொருளுக்கான பதிப்புரிமை மறைவதில்லை. பாம் ஓ.எஸ்.ஸை உருவாக்கிவந்த பாம்சோர்ஸ் நிறுவனத்தை 2005ஆம் ஆண்டு ஜப்பானின் ஆக்சஸ் நிறுவனம் வாங்கியது, உரிமையும் உடன்சென்றது. உரிமையாளரின் இசைவின்றி அத்தகைய இயங்குதளத்தைப் படியெடுத்துப் பரப்புவது சட்டச் சிக்கலுக்கு இடமளிக்கும். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலையோ உரிமத்தின் நெறிகளுக்கு உட்பட்டு எவரும் மாற்றிப் பகிரலாம். 'அதிகாரப்பூர்வமற்றது' என்ற ஒரே சொல் இருவேறு நிலைகளைக் குறிப்பதை இங்கு உணரலாம். மேலும், அறியாதவர் தரும் வட்டில் தீங்குநிரல் ஒளிந்திருக்கக்கூடும். உருவாக்கியோர் வெளியிட்ட சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டபின் பயன்படுத்துவதே அறிவுடைமை.

பழைய கருவிகளைப் பேழையில் வைத்துக் காப்பது பாதுகாப்பின் ஒரு பகுதியே. அவற்றில் எழுதப்பட்டவற்றை மீண்டும் படிக்கும் வழியையும் காத்தால்தான் அப்பணி முழுமைபெறும்.